மடங்காத முழங்கால்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நகருக்குத் தெற்கே, ரிவர்டேல் என்றொரு சிற்றூர் உண்டு. 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவ்வூரைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருவர் ரயிலைப் பிடிப்பதற்காக ஓடினார். அவர் படித்த பள்ளியின் ஆசிரியரான சார்லஸ் பிரைஸ், ரயிலில் அமர்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் ரயிலைத் தவறவிடப் போகிறாள் என்றே அவர் எண்ணினார். சற்று நேரத்தில் அந்த மாணவி தமக்கு அருகிலேயே வந்து அமர்ந்தபோது அவருக்கு வியப்புத் தாங்கவில்லை. பின்னர், பள்ளித் தாழ்வாரத்தில் அம்மாணவியை ஓடச் செய்து, கையில் கடிகாரத்துடன் நேரம் குறித்தார்.

அந்த மாணவியின் பெயர் எலிசபெத் ராபின்சன். உலகம் அவரை அறிந்தது ‘பெட்டி ராபின்சன்’ என்ற செல்லப் பெயரால். அதுவரை பெண்களுக்கென்று ஓட்டப்பந்தயங்கள் நடப்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடைபெற்றது. எலிசபெத் 12.2 விநாடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 16. வாழ்க்கையில் அவர் கலந்துகொண்ட நான்காவது தடகளப் போட்டியே அதுதான். அதே விளையாட்டு விழாவில் தொடரோட்டத்தில் ஒரு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது.

கேட்காமலே கிடைத்த செல்வம் என்று சிலவற்றைச் சொல்வோமல்லவா, அப்படி வந்தது அந்த வேகம். பெரிய பயிற்சி இல்லை. பல்லாண்டுத் தவம் இல்லை. ஓடினார், வென்றார். அந்தப் பதக்கத்தைப் பற்றி வியந்து பேச எவ்வளவோ இருக்கலாம். ஆனால், நம்மைப் போன்ற மூத்தவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது அதன்பின் நடந்ததைத்தான்.

1931ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள். கடும் கோடை. உறவினர் ஒருவர் ஓட்டிய சிறு விமானத்தில் எலிசபெத் ஏறினார். மேலே போனால் சற்றுக் காற்றாட இருக்கலாம் என்பதே நோக்கம். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் தரையில் விழுந்து நொறுங்கியது. அங்கு வந்தவர், அசைவற்றுக் கிடந்த எலிசபெத் இறந்துவிட்டார் என்றே எண்ணி, ஈமச் சடங்கு செய்பவரிடம் கொண்டு சென்றார் என்றும், உயிர் இருப்பது அதன் பிறகே தெரியவந்தது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கால் பல இடங்களில் முறிந்திருந்தது. கையும் நொறுங்கியிருந்தது. தலையிலும் காயம். முறிந்த எலும்புகளைப் பிணைக்க உலோக ஊசிகளைப் பொருத்தினார்கள். நெடுநாள் அவருக்கு நினைவு தெளியவில்லை.

உயிர் பிழைத்தார். ஆனால் மருத்துவர்கள் நம்பிக்கை தரவில்லை. இனி ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊன்றுகோல் இன்றி நடக்க முடியுமா என்பதே ஐயம். உலகிலேயே மிக வேகமான பெண் என்று மூன்றாண்டுகளுக்கு முன் போற்றப்பட்டவருக்கு அப்போது வயது 19.

இவ்விடத்தில் எலிசபெத்தின் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, படுக்கையில் கிடக்கும் ஓர் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் அவருடைய பின்னாளைய ஆண்டுகளின் அருமை விளங்கும்.

முறிந்த எலும்பு தானாகவே கூடும் ஆற்றல் உடையது. முறிவின் இரு முனைகளுக்கும் நடுவே முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில வாரங்களில் அங்கே மென்மையான இணைப்பு ஒன்று உருவாகிறது. பின்பு அது கெட்டிப்பட்டு எலும்பாகிறது. தொடை எலும்பு போன்ற பெரிய எலும்பு நன்கு கூடுவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஆகலாம். அதன் பிறகும் எலும்பு தன்னைத் தானே செதுக்கிச் சீராக்கிக்கொள்ளும் வேலை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அந்தத் திசையில் எலும்பு வலுப்பெறுகிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் உல்ஃப் 1892இல் விரிவாக எழுதினார். ஆகவே ஓரளவு கூடிய எலும்புக்கு முறையாகப் பாரம் கொடுப்பதும் மருந்துதான்.

ஆனால் எலும்பு கூடும் வரை காலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். அந்த அசைவின்மைக்கு ஒரு விலை உண்டு. கட்டுக்குள் கிடக்கும் காலில் தொடைத் தசை விரைவாக மெலிந்துவிடுகிறது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு சுருங்குகிறது. காயம்பட்ட இடங்களில் தழும்புத் திசு வளர்ந்து, வழுக்கிச் செல்ல வேண்டிய பகுதிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. கட்டைப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கும். ஆனால் கால் தன்னுடையது போலவே இராது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதன்முதலாகத் தம் காலைப் பார்த்து, ‘இது யாருடைய கால்?’ என்று திகைத்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கக்கூடும்.

இழப்பும் மீட்பும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. படுக்கையில் கிடக்கும் நாள்களில் செலவு மொத்தமாகப் போய்விடுகிறது. வரவோ சில்லறையாகத்தான் வருகிறது. இரண்டு மூன்று வாரங்களில் போன வலுவைத் திரும்பப் பெற மாதங்கள் ஆகின்றன. வயது ஏறியவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகும். இது தெரியாமல்தான் பலர், பத்து நாள் பயிற்சி செய்துவிட்டு, ‘பலனில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

எலிசபெத் அடிபட்ட காலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. எலும்பு முறிவுக்கு ஓய்வே உயர்ந்த மருந்து என்பது அக்கால மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர், இடைவிடாத, நீண்ட, கட்டாயமான ஓய்வை வலியுறுத்தியவர். அவர் வடிவமைத்த கால் சட்டகம் முதல் உலகப் போரில் எத்தனையோ வீரர்களின் உயிரைக் காத்தது. அவ்வகையில் அந்த ஓய்வுக் கொள்கைக்கு நல்ல பலனும் இருந்தது. ஆனால் ஓய்வு எங்கே முடிய வேண்டும், அசைவு எங்கே தொடங்க வேண்டும் என்ற கணக்கு அப்போது இன்னும் தெளிவாகவில்லை.

இன்று நாம் பிசியோதெரபி என்று வழங்கும் இயன்முறை மருத்துவம் அமெரிக்காவில் அந்தப் போருக்குப் பின்தான் ஒரு தனித் தொழிலாக உருப்பெற்றது. போரில் கால் கை ஊனமுற்ற வீரர்களை மீண்டும் நடக்கவைக்கப் பெண் உதவியாளர்கள் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் முன்னோடியான மேரி மெக்மில்லன் 1921இல் அமைந்த அவர்களுடைய சங்கத்தின் முதல் தலைவரானார். சிறிய எடையில் தொடங்கி, படிப்படியாக எடையைக் கூட்டித் தசையை வளர்க்கும் முறையைத் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் இராணுவ மருத்துவர் வகுத்து வெளியிட்டதோ 1945இல்தான். எலிசபெத் விழுந்தது 1931இல். இன்று ஒரு நடுத்தர நகரத்து மருத்துவமனையிலேயே கிடைக்கும் முறையான பயிற்சித் திட்டம், உலகப் புகழ்பெற்ற அந்த வீராங்கனைக்கு அன்று இல்லை.

அவருக்கு இருந்தது காலமும் பொறுமையும்தான். மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. அதன் பிறகு ஊன்றுகோல்கள். பின்பு அவையும் இன்றி ஒவ்வோர் அடியாக நடை. முன்போல் இயல்பாக நடப்பதற்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அவருடைய சொந்த நாட்டிலேயே, ஒலிம்பிக் விழா வந்தது, போனது. தாம் தங்கம் வென்ற 100 மீட்டர் ஓட்டத்தில் வேறொரு நாட்டுப் பெண் வென்றார். எலிசபெத் அந்தக் களத்தில் இல்லை.

இந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவதற்கு அதிகம் எதுவும் இருந்திராது. உடல் மீளும் காலத்தில் செய்தி என்று சொல்லத்தக்கதாக எதுவும் நடப்பதில்லை. நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் வேறுபாடு தெரியாது. சில நாள்களில் நேற்றைவிட இன்று மோசமாகவும் இருக்கும். பத்தடி நடந்தவர் மறுநாள் ஆறடியில் நின்றுவிடுவார். இந்த மேடு பள்ளம் இயல்பானது என்று இன்றைய இயன்முறை மருத்துவர்கள் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அன்று சொல்ல யார் இருந்தார்கள்? முடிவு என்னவாகும் என்று தெரியாமலே அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

இறுதியில் கால் ஊன்றியது. நடை வந்தது. சிறிது சிறிதாக ஓட்டமும் வந்தது. ஆனால் எல்லாம் திரும்பி வரவில்லை. அடிபட்ட கால் மற்றதைவிடச் சுமார் அரை அங்குலம் குறைந்துபோயிருந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. முழங்கால் முழுவதுமாக மடங்கவில்லை.

முழங்காலின் மடக்கத்தை இன்று டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள். சமதரையில் நடக்க ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்க 80 முதல் 100 வரை வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க 100க்கும் மேல் தேவைப்படலாம். தரையில் குந்தி உட்கார 120ஐயும் தாண்ட வேண்டும். எனவே ஒரு முழங்கால் ‘சரியாகிவிட்டதா?’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எதற்குச் சரியாக வேண்டும் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

எலிசபெத்தின் முழங்கால் நடக்கச் சரியாகிவிட்டது. ஓடவும் சரியாகிவிட்டது. ஆனால் 100 மீட்டர் ஓட்டத்தைத் தொடங்க அது சரியாகவில்லை. குறுந்தூர ஓட்டத்தில், கைகளைத் தரையில் ஊன்றி, முழங்கால்களை மடக்கிக் குனிந்த நிலையிலிருந்துதான் சீறிப் பாய வேண்டும். அக்காலத்தில் ஓட்டக்காரர்கள் சிறு கரண்டியால் தடத்திலேயே குழி தோண்டி, அதில் காலைப் பதித்துக்கொண்டு தொடங்குவார்கள். குனிந்து தொடங்க இயலாதவர் முதல் அடியிலேயே பின்தங்கிவிடுவார். எந்தப் போட்டியில் உலகை வென்றாரோ, அந்தப் போட்டியின் கதவு அவருக்கு மூடிவிட்டது. அது பிறகு திறக்கவே இல்லை.

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். போனது போனபடியே திரும்ப வர வேண்டும். இல்லையேல் வந்ததெல்லாம் வீண் என்று மனம் அடம்பிடிக்கிறது. முன்பு போல் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லையே என்ற ஏக்கத்தில், வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்ட முதியவர்கள் உண்டு. கால் நின்றது ஓரிடத்தில். மனம் அதற்கும் முன்னரே நின்றுவிடுகிறது.

எலிசபெத் வேறொரு கேள்வியைக் கேட்டார் என்று கொள்ளலாம். மடங்காத முழங்காலுடன் ஓட இடமுள்ள பந்தயம் எது? விடை அவர் முன்பே ஓடிப் பழகிய ஒன்றில் இருந்தது. நால்வர் சேர்ந்து ஓடும் 400 மீட்டர் தொடரோட்டத்தில் முதலாமவர் மட்டுமே குனிந்து தொடங்குகிறார். மற்ற மூவரும் நின்ற நிலையிலேயே காத்திருந்து, முன்னவர் நெருங்கும்போது ஓடத் தொடங்கி, ஓட்டத்திலேயே கோலை வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே முழங்கால் முழுதும் மடங்க வேண்டிய தேவையே இல்லை.

விபத்து நடந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1936இல், ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவுக்கான அமெரிக்கத் தொடரோட்ட அணியில் எலிசபெத் இடம்பெற்றார். ஆகஸ்ட் 9ஆம் நாள் இறுதிப் போட்டி. ஹாரியட் பிளாண்ட், ஆனெட் ராஜர்ஸ், எலிசபெத் ராபின்சன், ஹெலன் ஸ்டீபன்ஸ் என்பது அமெரிக்க அணியின் வரிசை. ஜெர்மானியப் பெண்களே வெல்வார்கள் என்று அனைவரும் எதிர்பார்த்தனர். தகுதிச் சுற்றிலேயே அவர்கள் 46.4 விநாடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்திருந்தார்கள். ஹிட்லர் அரங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பகுதியை எலிசபெத் ஓடினார். ஜெர்மானிய அணி தெளிவாக முன்னால் இருந்தது. கடைசிக் கைமாற்றத்தில் எலிசபெத் தம் கோலை ஹெலன் ஸ்டீபன்ஸிடம் பிசகின்றிச் சேர்த்தார். அதே கைமாற்றத்தில், ஜெர்மனியின் மரி டோலிங்கரிடமிருந்து இல்ஸ டோர்ஃபெல்ட்டுக்குப் போக வேண்டிய கோல் கை நழுவித் தரையில் விழுந்தது. அமெரிக்க அணி 46.9 விநாடிகளில் முதலாவதாக வந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் எலிசபெத்துக்கு இரண்டாவது ஒலிம்பிக் தங்கம் உரியதாயிற்று.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்தி, விடாமுயற்சிக்குக் கிடைத்த பரிசு என்று முடித்துவிடுவார்கள். அது முழு உண்மை ஆகாது. கோல் நழுவாமல் இருந்திருந்தால் ஜெர்மானியப் பெண்கள் வென்றிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது எலிசபெத்துக்குக் கிடைத்திருப்பது வெள்ளிப் பதக்கம். அதனால் அவருடைய மீட்சி ஒரு மாற்றுக் குறைந்ததாகிவிடுமா? இல்லை. அவர் தம்முடைய 100 மீட்டரை ஓடி முடித்துக் கோலைக் கைமாற்றியபோதே அவருடைய வேலை நிறைவேறிவிட்டது. பக்கத்துத் தடத்தில் என்ன நடந்தது என்பது அவர் கையில் இல்லை. விமானம் விழுந்ததும் அவர் கையில் இல்லை. எதிரணியின் கோல் விழுந்ததும் அவர் கையில் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே இருந்த ஐந்து ஆண்டுகள் மட்டுமே அவருடையவை.

முதுமையில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களும், முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர்களும் இன்று நம் வீடுகளில் ஏராளம். அவர்களுக்கும் நடுவில் உள்ள நாள்கள் மட்டுமே சொந்தம். நல்ல இயன்முறை மருத்துவர், ‘உங்களுக்கு எது முடிய வேண்டும்?’ என்று முதலில் கேட்கிறார். ஒருவருக்கு மாடியறைக்குப் போக வேண்டும். ஒருவருக்குப் பிறர் உதவியின்றிக் குளியலறைக்குச் சென்று வர வேண்டும். ஒருவருக்குக் கோயில் பிராகாரத்தை ஒரு முறையாவது சுற்றி வர வேண்டும். அந்த ஒன்றை மனத்தில் வைத்தே பயிற்சிகள் அமைகின்றன. படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, மெல்லத் தளர்த்துவது. குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பார்ப்பவர்களுக்கு இவை விளையாட்டுப் போலத் தோன்றும். செய்பவர்களுக்குத்தான் அதன் கடுமை தெரியும்.

பயிற்சிக்குப் பின் சற்று வலிப்பதும், சில மணி நேரத்தில் அது தணிவதும் இயல்பே. ஆனால் மூட்டு சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரமாகாது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பொறுமை வேறு; புறக்கணிப்பு வேறு.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ‘இன்னும் சரியாகவில்லையா?’ என்று நாள்தோறும் கேட்பது அன்பினால்தான். ஆயினும் கேட்கப்படுபவருக்கு அது தேர்வு முடிவைக் கேட்பது போல் இருக்கும். அதைவிட, பயிற்சி நேரத்தில் அருகில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொடுப்பது பெரிய உதவி.

பெர்லினுக்குப் பின் எலிசபெத் போட்டிகளிலிருந்து விலகி, திருமணம் செய்துகொண்டு, இரு குழந்தைகளுக்குத் தாயானார். 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் விழா நடந்தபோது, அதற்கான சுடரைச் சிறிது தூரம் ஏந்திச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 84. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1999 மே மாதத்தில், காலமானார்.

ஆம்ஸ்டர்டாமில் ஓடிய கால்கள் அவருக்கு இயற்கை கொடுத்தவை. பெர்லினில் ஓடிய கால்களோ அவர் தாமே மீட்டெடுத்தவை. ஒன்று சற்றுக் குட்டை. முழங்கால் முழுதாக மடங்காது. அந்தக் கால்களுக்கு ஏற்ற இடம் எது என்று அவர் தேடினார், கண்டடைந்தார். நாளைக் காலையில் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, மருத்துவர் சொன்ன அந்தப் பத்துத் தடவையை எண்ணத் தொடங்கும்போது, பழைய கால் திரும்ப வருமா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் காலைக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டு எண்ணலாம்.